இல்லாத சுவரைச் சுற்றிப் போனவள்

அவள் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அங்கே சுவரே இருக்காது.

ஜூஜுவாடிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் ஓயாத இடத்தில், வண்டி உதிரிபாகம் செய்வதற்கு ஒரு தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண்களும் தளங்களும் எழும்பி நின்றன. மாடிப்படியை ஒட்டி மட்டும் கொஞ்சம் சுவர் இருந்தது, மற்றச் சுவரெல்லாம் இனிமேல்தான். அந்த வெட்டவெளியில் தலையில் ஹெல்மெட்டும் கண்ணை மூடும் பெரிய கண்ணாடியுமாக ஒரு பெண் நேராக நடந்து வருவாள். சட்டென்று நிற்பாள். பக்கவாட்டில் ஒதுங்கி, வாசலுக்குள் நுழைகிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே வருவாள். கம்பி கட்டும் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். முதல் வாரம் நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்தக் கண்ணாடியைப் போட்டால், இன்னும் கட்டாத கட்டடம் கட்டி முடிந்த மாதிரி தெரியும். கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கும் கட்டடம் நிஜக் கட்டடத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மாடல் என்பார்கள். வரைந்த குழாய்க்கு நிஜத்தில் ஓட்டை விட்டிருக்கிறார்களா, காற்றுக் குழாய் போய் உத்தரத்தில் இடிக்குமா என்று நடந்து நடந்து பார்ப்பதுதான் அவள் வேலை. மாடலில் இருக்கும் சுவரை யாரும் மதிப்பதில்லை. வெறும் வெளிச்சம்தானே, உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடலாம். கண்ணாடி போட்டுப் பார்த்த இன்ஜினியர்கள் எல்லாரும் அப்படித்தான் புகுந்து போனார்கள். அவள் மட்டும் வாசல் தேடுவாள்.

"இல்லாத சுவத்துக்கு எதுக்கு பிள்ள ஒதுங்குத?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லாத சுவத்துல பூந்து பழகிட்டா, இல்லாத தரையில கால் வச்சிருவேன்க்கா. பயமா இருக்குது."

பயமா இருக்குது. இதுதான் அவள். மற்றவர்கள் டீ குடிக்கலாமா என்று கேட்கிற குரலில் அவள் இதைச் சொல்வாள். வெட்கப்படமாட்டாள், சிரித்து மழுப்பமாட்டாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு. அம்மாவோடு போனில் பேசும்போது எனக்குப் புரிந்த ஒரே சொல் 'பயம்'தான். சைட்டில் அவளுக்கு 'பயம் மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள்.

நான் கோவில்பட்டிக்காரி. வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஆலை வேலை கிடைத்து வந்தவள். அந்த சைட்டில் சேஃப்டி பிரிவில் இருந்தேன். ஹெல்மெட் போடாதவனைத் திட்டுவது, உயரத்தில் ஏறுகிறவன் இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது, தடுப்புக் கம்பி விழுந்தால் நிமிர்த்தச் சொல்லிக் கத்துவது. பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் என்று என்னைப் பற்றி எனக்கொரு நினைப்பு இருந்தது. அவளைவிடப் பதினைந்து வயதாவது எனக்கு மூப்பு இருக்கும்.

அவள் வந்து சேர்ந்த அன்றே என்னைத் தேடி வந்தாள். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் மாட்டுகிற பெல்ட்டைத் தரையில் நடப்பதற்கே மாட்டியிருந்தாள். அதன் வாரை என் கையில் கொடுத்தாள்.

"நான் கண்ணாடி போட்டிருக்கறப்ப இதைப் பிடிச்சிட்டு பின்னாடியே வர்றீங்களாக்கா?"

"என்ன தாயி, மாடா நீ?"

"மாடுன்னே வச்சிக்கோங்க. விட்ராதீங்க."

பிடித்துக்கொண்டு போனேன். பார்க்கிறவர்களுக்கு இன்னும் வேடிக்கை. முன்னால் ஒருத்தி காற்றில் குழாயைத் தடவிக்கொண்டு போகிறாள், பின்னால் ஒருத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறாள். மாட்டை எங்கே ஓட்டிட்டுப் போறீங்க சேஃப்டி அக்கா, சந்தைக்கா என்று மேலே சாரத்திலிருந்து கேட்பார்கள். சாரத்தில் நிற்கிறவன் பெல்ட் மாட்டியிருக்கிறானா என்று பார்த்துத் திட்டிவிட்டு நடப்பேன்.

அவள் பயத்தை எனக்குப் புரிய வைத்தது அந்தக் கண்ணாடிதான். ஒருநாள் இரண்டாம் மாடியில் விடாப்பிடியாக என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். உள்ளே நெற்றி படும் பஞ்சில் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தன் பெல்ட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, இப்போது வாரை அவள் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் அடிக்கிற பக்கம் பார்த்தபோது மாடல் மங்கலாக இருந்தது, அதன் ஊடாக நிஜத் தூண்களும் தெரிந்தன. அவ்வளவுதானா என்று நினைத்தேன்.

"இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள்.

லிஃப்ட்டுக்காக விட்டிருந்த குழி இருந்த பக்கம். மேலிருந்து கீழ்வரை மூன்று மாடிக்கும் திறந்து கிடக்கிற குழி. சுற்றிலும் தடுப்புக் கம்பி. திரும்பினேன். குழியைக் காணோம். அங்கே ஒரு லிஃப்ட் வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே வெள்ளைத் தரை. டைல்ஸின் கோடுகூடத் தெரிந்தது. மங்கலாவது ஒன்றாவது, நான் நின்றுகொண்டிருந்த தரையைவிட அந்தத் தரைதான் நிஜமாக இருந்தது. வெளிச்சத்தில் சோகையாகத் தெரிகிற மாடல் இருட்டில் கெட்டியாகிவிடும் என்று அவள் சொன்னாள். குழிக்குள் இருட்டு.

கையை நீட்டினேன். கம்பி தட்டுப்பட்டது. கம்பி மட்டும் இல்லாவிட்டால் நான் ஏறியிருப்பேன். கழுத்தில் வியர்த்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள். "எங்க ரொம்ப நல்லாத் தெரியுதோ, அங்கதான்க்கா பயம்."

அன்றிலிருந்து அந்த வாரை இரண்டு கையாலும் பிடித்தேன். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் அந்த வெள்ளைத் தரை கண்ணில் வரும்.

வெளியேயும் அவள் அப்படியேதான். ஜூஜுவாடியில் ரோட்டைக் கடக்க வேண்டும் என்றால் கும்பல் சேரும்வரை நிற்பாள். கும்பலின் நடுவில் புகுந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள். கர்நாடகா வண்டி, தமிழ்நாட்டு வண்டி எல்லாம் பிய்த்துக்கொண்டு வருகிற இடம், அதனால் தப்பில்லை. ஆனால் சைட்டில் திரிந்த கறுப்பு நாய் வாலாட்டினாலும் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுவாள்.

ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன், சின்னப் பிள்ளையிலேயே இப்படித்தானா என்று. அவள் ராகி உருண்டையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"எங்க கொல்லைக்கு, ராகி போட்ட நெலத்துக்கு, யானை வரும்க்கா. ராகி முத்துற சமயத்துல எங்கப்பா பரண்ல காவல் இருப்பாரு. பக்கத்துக் கொல்லைல ஒருத்தரு. எங்க எல்லாருக்கும் மாமா மாதிரி. யானை வந்தா தகரம் தட்டி கத்துவாரு, போயிடும். வருசா வருசம் போயிடுச்சி. பழகிப்போச்சுன்னு சொல்லுவாரு. நம்ம பேச்சைக் கேக்கும்னு சொல்லுவாரு. ஒருதடவ போவல."

அவள் அடுத்த உருண்டையைக் கிள்ளவில்லை. "யானை மாறலக்கா. அவருக்குத்தான் பயம் போயிடுச்சி" என்றாள்.

தலைமை இன்ஜினியருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேலை தாமதமாகிறது என்பதுதான். அவள் தொடங்குவதே தாமதம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு தூணில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கண்ணாடி முதலில் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும், அதை வைத்து மாடலைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். மற்றவர்கள் ஸ்டிக்கரைப் பார்த்தவுடன் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவள் நேரே மாடிப்படிக்குப் போய், அங்கே இருக்கிற நிஜச் சுவரில் உள்ளங்கையை வைப்பாள். கண்ணில் தெரியும் சுவரும் கையில் படும் சுவரும் ஒன்றுதானா என்று தடவித் தடவிப் பார்ப்பாள். திருப்தியானால்தான் அடுத்த அடி.

"ஏம்மா, கோயில் சுவத்தையா கும்புடறே?" என்றார் ஒருநாள், எல்லார் முன்னாலும். "இப்படியே பயந்துட்டு இருந்தா உன்னை ஆபீஸ்ல உக்கார வச்சிட்டு வேற ஆளை விட்ருவேன். பெங்களூர்ல இருந்து கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. அவங்க முன்னாடியும் கயிறு கட்டிட்டுத்தான் நடப்பியா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கு அந்த வேலை உயிர். மாடலில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. தண்ணீர்க் குழாய் ஒன்று நேரே ஒரு வாசலின் குறுக்கே, ஆள் நெற்றியில் இடிக்கிற உயரத்தில் வருகிறது என்று கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். எத்தனை நெத்தி தப்பிச்சிது பாருங்கக்கா என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ் வேணாம்க்கா. நான் பயத்தை விட்டுர்றேன்" என்றாள்.

விட்டுவிடுகிற பொருளா அது. ஆனால் அவள் விட்டாள். கீழ்த்தளத்தில் குழி கிடையாது, தரை முழுக்க மூடிவிட்டார்கள். தினமும் வேலைக்கு முன்னால் அங்கே போய், மாடலில் இருக்கும் சுவருக்குள் புகுந்து பழகினாள். முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு புகுவாள். அந்தப் பக்கம் போய் நெஞ்சைத் தடவிக்கொள்வாள். கொஞ்ச நாளில் கண்ணைத் திறந்துகொண்டே போனாள். அப்புறம் போனில் பேசிக்கொண்டே போனாள். கம்பி கட்டும் ஆட்கள் கைதட்டினார்கள். தலைமை இன்ஜினியர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. கறுப்பு நாய்க்கு பிஸ்கட் போட்டாள். ரோட்டைத் தனியாகக் கடந்துவிட்டு, அந்தப் பக்கம் நின்று என்னை வாங்க வாங்க என்றாள். பயமா இருக்குது என்ற சொல்லை நான் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ஆலைச் சங்கு ஊதாத காலை மாதிரி எனக்குத் திக்கென்று இருந்தது. அவள் விட்ட பயம் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

பெங்களூர்க்காரர்கள் வருவதற்கு முதல் நாள் நடந்தது இது. எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் மாடியில் தூண்களுக்கு பிரைமர் அடித்தார்கள். பெயின்டர் ஒழுங்கான மனிதர். ஸ்டிக்கர் மேல் பெயின்ட் பட்டுவிடக் கூடாதே என்று பக்குவமாக உரித்தெடுத்து, காய்ந்திருந்த பக்கத்துத் தூணில், அதே உயரத்தில், சுருக்கம் இல்லாமல் துடைத்து ஒட்டிவிட்டார். எல்லாத் தூணும் ஒன்றுபோல இருப்பவை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு படம், எந்தத் தூணில் இருந்தால் என்ன. அதே நாள் லிஃப்ட்காரர்கள் அளவெடுக்க வந்து, குழியின் ஒரு பக்கத் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, வெறும் சிவப்பு வெள்ளை நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்கள். காற்றில் அந்த நாடா தொய்ந்து தரையில் கிடந்தது.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். புது ஹெல்மெட், புது ஷூ. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் பார்த்தாள். மாடல் வந்து உட்கார்ந்தது. ஒரு தூண் தள்ளி உட்கார்ந்தது. மாடல் தூண்கள் நிஜத் தூண்களின் மேல் சரியாகப் பொருந்தி நின்றதால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. மாடிப்படிச் சுவரில் போய்க் கையை வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். தலைமை இன்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். அவள் போகவில்லை.

"அக்கா, வாரை விட்ருங்க" என்றாள் மெதுவாக. "அவங்க பாக்கறாங்க."

நான் விட்ட மாதிரி கையைத் தொங்கப்போட்டேன். விடவில்லை. முனையை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, கையைப் புடவை மறைவில் வைத்துக்கொண்டு ஒட்டி நடந்தேன்.

அவள் நன்றாகப் பேசினாள். மேலே வரப்போகும் காற்றுக் குழாய்களை விரலால் காட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தாள். குழி இருந்த பக்கம்தான் நடந்தாள். வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. மாடலில் குழி அடுத்த தூணுக்குத் தள்ளிப்போயிருந்தது, நிஜக் குழியின் மேல் வராந்தா விரிந்திருந்தது. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் காலுக்கு முன்னால் தரையில் கிடந்த நாடாவும், அதற்கு அந்தப் பக்கம் இருந்த இருட்டும்தான். கத்த நினைத்தேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

அவள் கால் வைத்தாள்.

வார் என் மணிக்கட்டை அறுக்கிற மாதிரி இழுத்தது. நான் பின்னால் சாய்ந்து விழுந்தேன், அவள் என் மேல் விழுந்தாள். அவள் கையிலிருந்த அளவு டேப் உள்ளே போயிற்று. அது கீழே விழுந்த சத்தம் வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வந்தவர்கள் பின்வாங்கிப் படிப் பக்கம் போனார்கள். தலைமை இன்ஜினியர் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமல் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தேன்.

"தரை இருக்குதுக்கா" என்றாள். "இப்பவும் இருக்குது."

கையை நீட்டி அந்தத் தரையைத் தொட்டாள். கை முழங்கைவரை உள்ளே போயிற்று. எடுத்துவிட்டு மறுபடி விட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான்தான் பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"பயமே வரலக்கா" என்றாள். அப்புறம்தான் அழத் தொடங்கினாள்.

மறுநாள் ஸ்டிக்கர் அதன் தூணுக்குப் போயிற்று, கம்பி அதன் இடத்துக்கு வந்தது. பெயின்டர் விஷயம் தெரிந்ததும் சுவரோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தலைமை இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கோம்மா, எத்தனை கயிறு வேண்டுமானாலும் கட்டிக்கோ என்றார். மனதிலிருந்துதான் சொன்னார். அவளும் வந்து மாடிப்படிச் சுவரில் கையை வைத்தாள். ஆனால் கடமைக்கு வைத்தாள். குழிக்குப் பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்த்தாள், ஏதோ வாளிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. நான் வாரைச் சுண்டி இழுத்தேன்.

வாரம் முடியும்போது வேலையை விட்டுவிட்டாள்.

"திரும்பி வந்துரும்னு பாத்தேன்க்கா. வரல. பயம் இல்லாம இந்தக் கண்ணாடியைப் போடக்கூடாது நான்."

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். தேன்கனிக்கோட்டை பஸ் நின்றதைப் பார்த்துவிட்டு அவள் நேராக நடந்தாள். இன்னொரு பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தேன். பஸ் எங்களை உரசிக்கொண்டு நின்றது. கண்டக்டர் தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி திட்டினார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சில்லிடும். யார் வாரைப் பிடிப்பார்கள் இவளுக்கு, அந்த யானைக் காட்டில் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

போன் செய்தால் எடுத்து நல்லாருக்கேன்க்கா என்பாள். அந்தக் குரலில் அவள் இல்லை. போகப் போக நான் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். ராகி முத்துகிற காலம் வந்தபோது மட்டும் செய்தித்தாளில் தேன்கனிக்கோட்டை என்று எழுத்து தெரிந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். நான் சைட்டில் ஹெல்மெட் எண்ணிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் மூச்சுதான் கேட்டது. ஓடி வந்த மூச்சு.

"என்ன தாயி? என்ன ஆச்சு?"

"அக்கா, இப்ப விடியறப்ப யானை வந்துச்சி. கொல்லை ஓரத்துல நின்னுச்சிக்கா. நான் தண்ணி எடுக்கப் போனேன். தெரியவே இல்ல, பாறைன்னு நினைச்சேன். காதை ஆட்டுச்சி." அவள் அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தது. "கொடத்தைப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்க்கா. காலு ரெண்டும் வெடவெடங்குது. எவ்ளோ பயம் தெரியுமா."

நான் ஹெல்மெட் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய் திறந்து அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

இப்போது அவள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் வேறொரு சைட்டில் இருக்கிறாள். அதே வேலை, புதுக் கண்ணாடி. சேர்ந்த அன்றே கூப்பிட்டாள். எனக்கு முதலில் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"உன் வாரை யாரு பிள்ள பிடிக்கா?"

"இங்க வாரெல்லாம் வேணாம்னு சொல்றாங்கக்கா. குழி வந்தா கண்ணாடியே சத்தம் போடுமாம். சிவப்பா காட்டுமாம்."

அந்த வெள்ளைத் தரை, டைல்ஸ் கோட்டோடு, கண் முன்னால் வந்து நின்றது.

"நீ என்ன சொன்ன?"

"பயமா இருக்குதுன்னு சொன்னேன்" என்றாள், டீ குடிக்கலாமா என்று கேட்கிற அந்தப் பழைய குரலில்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.